எஃப் போட்ட குதிரை

ஈஸ்ட் ஹாம், லண்டன்
7 ஏப்ரல் 2009

அன்புள்ள மருமகள் ஜெயகௌரிக்கு,

எல்லாவற்றையும் நான் முதலே சொன்னவன். இதை மனதில் வைத்துக்கொண்டு மிச்சத்தை வாசி.

சனிக்கிழமை லிவர்பூலில் வேலி பாயும் பெரிய ஓட்டம். நாற்பது குதிரைகள், நாலரை மைல், முப்பது வேலி. ஒரு சனமும் திரும்பிப் பாராத குதிரை ஒன்று, நூற்றுக்கு ஒன்று என்று விலை போட்டுத் தள்ளி வைத்த குதிரை, எல்லாரையும் விட்டுவிட்டு வந்து வென்றது. நான் வெள்ளிக்கிழமையே இங்கே பெட்டிங் கடையில் வைத்துச் சொன்னேன். கவுண்டரில் நிற்கிற பெர்னடெற் சாட்சி. ஆனால் அவளுக்குப் பொறாமை. என்ன சொன்னாள் தெரியுமா?

"குகநாதண்ணை, நீங்கள் வெள்ளிக்கிழமை நாப்பது குதிரையின்ரை பேரையும் சொன்னனீங்கள். அதிலை ஒண்டு வெல்லாமல் வேறை என்ன செய்யும்?"

கடையே சிரித்தது. அறிவுள்ளவனுக்கு இந்த ஊரில் இதுதான் மரியாதை.

நான் நல்ல சுகம். இடது முழங்கால் மட்டும் என்னோடு கோபம். உன் சுகத்தை நீ எழுதினால்தான் அறியலாம். போன் அடித்தால் அந்தச் செய்திதான் என்று நெஞ்சு நின்றுபோகிறது, வயரைக் கழற்றிவிட்டேன், இனிக் கடிதம்தான் என்று எழுதியிருந்தாய். நல்லது பிள்ளை. எட்டாம் வகுப்போடு நிறுத்தினாலும், என் கையெழுத்தைப் பார்த்து "நீ கந்தோரிலை கிளாக்கரா இருக்கவேண்டியவனடா" என்று மாஸ்டர் கண்ணீர் விட்டவர். உனக்கு நான் எழுதுவேன்.

நேற்றிலிருந்து எங்கள் சனம் பாராளுமன்றத்துக்கு முன்னால் ரோட்டை மறித்து இருக்கிறது. சண்டையை நிறுத்தச் சொல்லித்தான். நானும் போனேன். ஒரு பெரிய பொலிஸ்காரன் என் முகத்தைக் கண்டு தொப்பியைக் கழற்றினான். குதிரைப் பொலிசும் வந்தது. நல்ல குதிரைகள், ஆனால் பாயத் தெரியாதவை.

உன் தம்பி சுபாஸ்கரன் வன்னியில் அகப்பட்டு, ஜனவரிக்குப் பிறகு ஒரு போனும் இல்லை என்பதற்காக நீ சாப்பிடாமல் இருக்காதே. நூற்றுக்கு ஒன்று வீட்டுக்கு வருகிறது. நான் கண்ணால் கண்டேன்.

முழங்காலைத் தவிர மற்றெல்லாவற்றோடும் உன்னை நினைக்கும்,
மாமா குகநாதன்

———

ஹேர்னிங், டென்மார்க்
17 ஏப்ரல் 2009

மாமாவுக்கு,

சுகமாக இருக்கிறேன் என்று எழுதவேண்டும். எழுதுகிறேன். நீங்களும் சுகமாக இருங்கள்.

சலவை நிலையத்துக்குப் போகிறேன், வருகிறேன். ஆஸ்பத்திரிப் படுக்கை விரிப்புகள். இரண்டு பேர் இரண்டு முனையைப் பிடித்து நடந்து வந்து மடிக்கவேண்டும். எதிரில் இருப்பவள் வானிலை சொல்லுவாள். நான் ஓம் என்பேன். வெயில் வந்துவிட்டதாம்.

அந்த ஓட்டத்தைச் சாப்பாட்டு அறையில் டிவியில் காட்டினார்கள், சத்தமில்லாமல். முடிகிற இடத்துக்குக் கிட்ட ஒரு குதிரை படுத்ததுபோல் இருந்தது. உடனே கமெரா திரும்பிவிட்டது. அதைப் பற்றி நீங்கள் எழுதவில்லை.

ஒன்று கேட்கிறேன். குதிரைகளை எப்படி மதிப்பிடுவீர்களோ அதேபோலத் தம்பியை மதிப்பிட்டு எழுதுங்கள். எனக்கு ஆறுதல் வேண்டாம். இங்கே எல்லோரும் ஆறுதல்தான் தருகிறார்கள். வாங்கி வாங்கிக் கை நோகிறது. அவன் வருவானா, எவ்வளவுக்கு எவ்வளவு? அதை மட்டும்.

ஜெயகௌரி

———

ஈஸ்ட் ஹாம்
23 ஏப்ரல் 2009

அன்புள்ள பிள்ளைக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மதிப்பீடு கேட்டாய். சரியான ஆளிடம் கேட்டாய். இங்கே பேப்பரில் எழுதுகிறவர்களே என்னிடம் வந்து கேட்டுவிட்டுத்தான் எழுதுகிறார்கள். கடையில் சுவரோடு ஒட்டி நின்று நான் சொல்வதைக் குறித்துக்கொண்டு போவார்கள். நான் காணாததுபோல் விட்டுவிடுவேன்.

வயது: இருபத்தெட்டு. திறமான வயது. வெறும் தரையில் ஓடுகிற குதிரைக்குத்தான் இளமை வேண்டும். வேலி பாய்கிறதுக்கு அனுபவம் வேண்டும்.

பாரம்: சின்ன வயதிலிருந்தே அவனில் சதை ஒட்டியதில்லை. கடைசி வேலியில் பாரக்காரன்தான் களைப்பான்.

தரை: இதுதான் முக்கியம். மழைத் தரையில் ஓடத் தெரிந்தவன். தொண்ணூற்றைந்தில் ஊரே எழும்பி நடந்த அந்த மழையில், பதினாலு வயதுப் பொடியன், தன்னைவிட மூன்று வயது மூத்த உன்னைச் சைக்கிள் கரியரில் ஏற்றி உழக்கினவன். நீ குடை பிடித்தாய் என்று உன் அம்மா, என் அக்கா, சாகும்வரைக்கும் சொல்லிச் சிரித்தாள்.

பழைய ஓட்டங்கள்: குதிரையின் பெயருக்குப் பக்கத்தில் முந்தைய ஓட்டங்களை ஒவ்வோர் எழுத்தாகப் போட்டிருப்பார்கள். வென்றால் ஒன்று, இரண்டாவது வந்தால் இரண்டு. ஓட்டுகிறவன் தானே கடிவாளத்தைப் பிடித்து நிறுத்தினால் பி. வேலியில் விழுந்தால் எஃப். உன் தம்பிக்கு நான் போட்டுப் பார்த்தேன். மாமரத்தால் விழுந்தான்: எஃப். அடுத்த கிழமை அதே மரத்தின் நுனியில் நின்றான்: ஒன்று. மலேரியாவில் மூன்று மாதம்: பி. பள்ளிக்கூடச் சோதனை, இரண்டாந் தரம்: இரண்டு. ரேடியோ திருத்தும் கடை போட்டான், எரிந்தது: எஃப். திரும்பப் போட்டான்: ஒன்று.

இப்போது கவனி. இதுதான் புதுச் சனம் விடுகிற பிழை. எஃப் என்றதும் பயந்துவிடுவார்கள். எஃப் போட்ட குதிரை எழும்பாத குதிரை இல்லை. விழும், எழும்பும், ஓட்டுகிறவன் இல்லாமல் தானே மற்றக் குதிரைகளோடு ஓடும், அடுத்த மாதம் திரும்ப வரும். நாலு எஃப்புக்குப் பிறகு ஐந்தாவதில் வென்ற குதிரைக்கு நான் கைகொடுத்திருக்கிறேன்.

நீ டிவியில் கண்டது களைத்துப்போய்ப் படுத்த குதிரை. புல் சாப்பிட்டிருக்கும்.

என் மதிப்பீடு: ஆறுக்கு நாலு. பத்துத் தரம் ஓடினால் நாலு தரம் வந்து சேருவான் என்று அர்த்தம். நூற்றுக்கு ஒன்று வெல்கிற நாட்டிலிருந்துகொண்டு எழுதுகிறேன்.

காலில்லாவிட்டாலும் கையால் ஓடி வரும்,
மாமா

———

ஹேர்னிங்
28 மே 2009

மாமா,

சுகம்.

சண்டை முடிந்துவிட்டது என்று எல்லோரும் சொல்கிறார்கள். பத்து நாளாகிறது. முகாம்களில் இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல்களை இன்டர்நெட்டில் போடுகிறார்கள். வேலை முடிந்து வந்து வாசிக்கிறேன். நேற்று மூன்று சுபாஸ்கரன்கள் இருந்தார்கள். ஒருவருக்கு ஐம்பத்தொரு வயது. ஒருவருக்கு மனைவி, இரண்டு பிள்ளைகள். மற்றவனுக்கு ஒன்பது வயது.

அழுகை வரவில்லை. அது ஏன் என்று உங்களுக்குத் தெரியுமா?

ஜெயகௌரி

———

ஈஸ்ட் ஹாம்
3 ஜூன் 2009

அன்புள்ள பிள்ளைக்கு,

நீ சாப்பிட்டுவிட்டு இதை வாசி. சாப்பிடாமல் வாசித்தால் எனக்குத் தெரிந்துவிடும்.

பட்டியலில் பெயர் இல்லை என்கிறாய். இப்போது பெர்னடெற்றின் கடைக்குப் போய்ப் பேப்பரைப் பார்த்தால், லிவர்பூலில் ஓடிய பெரிய குதிரைகளில் ஒன்றின் பெயரும் இருக்காது. செத்தா போயின? இல்லை. வேலி பாய்கிற குதிரைகளுக்கு மழையும் குளிரும்தான் காலம். கோடை தொடங்கினால் லாடத்தைக் கழற்றி வயலில் விட்டுவிடுவார்கள். ஒருவரும் எண்ணுவதில்லை, ஒரு பேப்பரும் எழுதுவதில்லை. அது பாட்டுக்கு மழையில் நனைந்து, வயிறு வைத்து, மயிர் வளர்த்து, சொந்தக்காரனுக்கே அடையாளம் தெரியாமல் நிற்கும். ஒக்டோபரில் பார்த்தால் பெயர் திரும்ப வந்திருக்கும்.

ஓட்டம் முடிந்தாலும் இங்கே ஒருவரும் பந்தயத் துண்டைக் கிழிப்பதில்லை. ஓட்டினவர்களைத் திரும்பத் தராசில் நிறுத்துப் பார்த்து, சரி என்று ஒலிபெருக்கியில் சொல்லவேண்டும். அதுவரைக்கும் துண்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பேசாமல் நிற்பார்கள். நீயும் அப்படி நில்.

அழுகை ஏன் வரவில்லை என்று கேட்டாய். எனக்கும் வரவில்லை. இங்கே ஈஸ்ட் ஹாமில் ரோட்டு முழுக்க அப்படித்தான். நகைக்கடைக்காரர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருக்கிறார், காலையில் போகும்போதும் துடைக்கிறார், பின்னேரம் வரும்போதும் துடைக்கிறார். நான் மட்டும்தான் பகிடி விட்டுக்கொண்டு திரிகிறேன். யாராவது விடவேண்டும்.

உன் சாப்பாட்டுக் கோப்பையை எட்டிப் பார்த்துக்கொண்டிருக்கும்,
மாமா

———

ஹேர்னிங்
20 ஜூலை 2009

மாமாவுக்கு,

ஜூனில் இரண்டு கடிதம் போட்டேன். பதில் இல்லை. என் கடிதம் கிடைத்தால் நீங்கள் ஒரு கிழமைக்கு மேல் பதில் எழுதாமல் இருந்ததில்லை. முழங்காலா? வேறு ஏதாவதா?

போன வெள்ளிக்கிழமை போன் வயரை மாட்டி உங்கள் நம்பரை அடித்தேன். நீங்கள் எடுத்து ஹலோ என்றீர்கள். எனக்கு வாய் திறக்கவில்லை. யார் என்று நீங்களும் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் இரண்டு பக்கமும் மூச்சுத்தான். பிறகு நீங்கள்தான் வைத்தீர்கள். நானும் வயரைக் கழற்றினேன்.

சும்மா கிடைக்கிற ஒரு போனில் நீங்கள் ஒரு பகிடியும் விடாதது இதுதான் முதல் தடவை.

ஜெயகௌரி

———

ஈஸ்ட் ஹாம்
4 ஓகஸ்ட் 2009

அன்புள்ள மருமகளுக்கு,

எனக்குக் காய்ச்சல். இந்தப் பன்றிக் காய்ச்சல் என்று ஒன்று வந்திருக்கிறதே, அது லண்டனில் முதலில் என்னிடம்தான் வந்ததென்று டொக்டரே வியந்தார். இப்போது சுகம். நீயும் சுகமாக இரு. ஒரு செய்தி இருக்கிறது. இருந்து வாசி.

பெர்னடெற்றுக்கு மன்னார்ப் பக்கத்தில் ஒரு சொந்தக்காரர், சவிரிமுத்து என்று பெயர். காலில் காயத்தோடு கப்பலில் திருகோணமலைக்கு வந்து, அங்கிருந்து எப்படியெல்லாமோ லண்டனுக்கு வந்து சேர்ந்திருக்கிறார். பெர்னடெற் அவரை என் வீட்டுக்குக் கூட்டி வந்தாள். குசினியில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்தேன். காலை நீட்டிக்கொண்டு என்னையே பார்த்தார்.

"அண்ணை, நீங்கள்தானே குதிரை வைச்சிருக்கிற குகநாதன் மாமா?"

பிள்ளை, ஒரு காலத்தில் நான் சுபாஸ்கரனுக்கு எழுதிய கடிதத்தில், லண்டனில் ஒரு குதிரை வாங்கி விட்டிருக்கிறேன், பவளக்கொடி என்று பெயர் வைத்திருக்கிறேன் என்று எழுதியிருந்தேன். அதை எழுதியதற்குக் காரணங்கள் உண்டு. அவற்றை விடு.

"ஓம்" என்றேன்.

"பவளக்கொடி சுகமா இருக்கோ?"

"ஏன் கேக்கிறீங்கள்?"

"மூண்டு மாசம் நானும் சுபாவும் ஒரே பங்கர்க் குழிக்குள்ளை, அண்ணை. பின்னேரத்திலை ஷெல்லடி கொஞ்சம் அமந்தால், சைக்கிளைக் கவிட்டு வைச்சுப் பெடலைச் சுத்துவான். டைனமோவிலை ரேடியோ முனகும். நியூஸ் முடிஞ்ச உடனை கைக்குள்ளை வாயை வைச்சு ஓட்டம் சொல்லத் தொடங்குவான். 'லண்டன் மாநகரிலிருந்து... முதலாம் வேலி... பவளக்கொடி பாயுது...' எண்டு. பக்கத்துப் பங்கர்ச் சனம் எல்லாம் வந்திரும். ஒரு கிழவர் வெத்திலைத் துண்டை வைச்சு, எனக்கு ரெண்டாம் குதிரை எண்டுவார். ஒருநாளும் சுபா பவளக்கொடியைத் தோக்க விடேல்லை. நாங்கள் சண்டை பிடிப்பம், ஒருக்காலாவது விழுத்தடா எண்டு. விழுத்தமாட்டான்."

பெர்னடெற் என்னைப் பார்த்தாள். என்னிடம் குதிரை இல்லையென்று அவளுக்குத் தெரியும். வாயே திறக்கவில்லை. அன்றைக்குத்தான் அவள்மேல் எனக்கு மரியாதை வந்தது.

பிறகு அவர் சொன்னது. ஏப்ரல் கடைசியில், காயக்காரரைக் கப்பலில் ஏற்றுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, சுபாஸ்கரன் இவரைச் சைக்கிள் கரியரில் இருத்திக் கடற்கரை மணலில் தள்ளிக்கொண்டு போயிருக்கிறான். சில்லுப் புதையும் இடமெல்லாம், "இன்னும் ஒரு வேலிதான் அண்ணை, இன்னும் ஒரு வேலிதான்" என்று சொல்லிக்கொண்டு தள்ளினானாம்.

ஷெல் விழுந்தது. இரண்டு பேரும் விழுந்தார்கள். சுபாஸ்கரன் எழும்பினான். யாரோ இருவர் வந்து சவிரிமுத்துவைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். திரும்பிப் பார்த்தபோது சைக்கிள் விழுந்து கிடந்து சில்லுச் சுற்றிக்கொண்டிருந்தது. ஹாண்டிலில் கட்டியிருந்த ரேடியோ முனகிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான் அவர் கண்டது.

சாப்பிடு.

மாமா

———

ஹேர்னிங்
16 ஓகஸ்ட் 2009

அன்புள்ள மாமாவுக்கு,

இது என் ஐந்தாவது தாள். முதல் நாலையும் கிழித்துவிட்டேன், எழுத்தெல்லாம் கோணலாக வந்தது. நீங்கள் சுகமா? காய்ச்சல் முற்றாக விட்டதா? இஞ்சி போட்டுக் குடியுங்கள்.

வீட்டில் ஒரு குதிரை பொய்யாகவாவது இருந்தது நல்லதாய்ப் போயிற்று மாமா. உங்களிடம் குதிரை இல்லையென்று எனக்கு எப்போதும் தெரியும். தம்பிக்கும் தெரியும். போன வருடம் போனில் சொன்னான்: "மாமாவின்ரை குதிரை பொய்யெண்டு தெரியும் அக்கா. ஆனா நல்ல குதிரை."

உங்கள் கடிதத்தை எத்தனை தடவை வாசித்தேன் என்று தெரியாது. வழக்கமாக நீங்கள் எழுதுவதில் எது நடந்தது, எது நீங்கள் போட்டது என்று பிரித்துப் பிரித்து வாசிப்பேன். பொலிஸ்காரன் தொப்பி கழற்றினது, டொக்டர் வியந்தது எல்லாம் உங்களுடையவை. ஆனால் "சுபாஸ்கரன் எழும்பினான்" என்ற இடத்தில் ஒரு பூச்சும் இல்லை. இரண்டே சொல். அவன் எப்படி எழும்பினான், என்ன சொன்னான் என்று ஒன்றுமே நீங்கள் போடவில்லை. அதனால்தான் அதை நம்பினேன்.

காணாமல்போனவரைத் தேடித் தரச் சொல்லும் படிவம் நிரப்பி அனுப்பினேன். கடைசியாகக் கண்ட இடம், கண்டவர், அப்போது அவரின் நிலை என்று ஒரு பெட்டி இருந்தது. "விழுந்தார், எழும்பினார்" என்று டேனிஷில் எழுதினேன். எதிரில் விரிப்புப் பிடிக்கிற பெண்தான் எழுத்துத் திருத்தித் தந்தாள். அவளுக்கு இப்போதுதான் என் தம்பியின் பெயர் தெரியும்.

நேற்று மீன் வாங்கிச் சமைத்தேன். உப்புக் கூடிவிட்டது. உப்புக் கூடிவிட்டது என்று தெரிந்தது மாமா.

சவிரிமுத்து அண்ணையின் போன் நம்பரை அனுப்புங்கள். எந்தப் பக்கமாய் நடந்தான் என்று மட்டும் கேட்கவேண்டும்.

உங்கள் ஜெயகௌரி

———

ஈஸ்ட் ஹாம்
30 ஓகஸ்ட் 2009

அன்புள்ள பிள்ளைக்கு,

சுகம். இஞ்சி குடித்தேன்.

சவிரிமுத்து ஸ்ட்ரெதம் பக்கம் போய்விட்டார். காலுக்கு வைத்தியம். அந்த மனிசனைக் கேள்வி கேட்டுக் கரைச்சல் படுத்தவேண்டாம். நம்பர் எங்கேயோ எழுதி வைத்தேன், தேடுகிறேன்.

படிவத்தில் அவசரப்பட்டு எழுதியிருக்கத் தேவையில்லை. என்னிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம்.

மழை பெய்கிறது. தரை இளகத் தொடங்குகிறது. இந்தமுறைக் குதிரைகளைப் பற்றி எழுத இன்னும் ஒன்றும் இல்லை.

மாமா

———

ஹேர்னிங்
12 ஒக்டோபர் 2009

மாமாவுக்கு,

நான் சுகம். உங்களிடமிருந்து ஆறு கிழமையாக ஒன்றும் இல்லை. நம்பரும் இல்லை.

நூலகத்தில் இருந்து குதிரைகளின் பழைய ஓட்டங்களைப் படித்தேன். நீங்கள் சொன்னதுபோல ஒவ்வொரு பெயருக்கும் எழுத்துகள் இருக்கின்றன. எஃப்புக்குப் பிறகு ஒன்று, எஃப்புக்குப் பிறகு நாலு, எஃப்புக்குப் பிறகு பி. உங்கள் பாடம் சரிதான். விழுந்தவை திரும்ப ஓடியிருக்கின்றன.

ஆனால் சில பெயர்களில் எஃப்தான் கடைசி எழுத்து. மூன்று வருடம், நாலு வருடம் பின்னுக்குப் போய்ப் பார்த்தேன். எஃப், அதற்குப் பிறகு வெள்ளைத் தாள். எழும்பினதுக்கும் எழும்பாததுக்கும் ஒரே எழுத்துத்தான் போடுகிறார்கள் மாமா. பிறகு ஏதாவது எழுதியிருக்கிறதா, இல்லையா, அதுதான் வித்தியாசம். இதை நீங்கள் எனக்குச் சொல்லித்தரவில்லை.

நவம்பர் இருபத்தெட்டுக்கு ஊருக்கு டிக்கெட் போட்டிருக்கிறேன். வேலையில் ஆறு கிழமை லீவு தந்தார்கள். தம்பியின் படத்தைப் பெரிதாக்கி இருநூறு பிரதி எடுத்தேன். முகாம் முகாமாகப் போவேன். உள்ளே விடாவிட்டால் வாசலில் நின்று, வெளியில் வருகிற ஒவ்வொருவரிடமும் காட்டுவேன். விழுந்து எழும்பினவன் எங்கேயாவது நடந்து போயிருக்கவேண்டும். ஆறு கிழமை போதாவிட்டால் வேலையை விட்டுவிடுவேன்.

போவதற்கு முன் திரும்ப ஒரு மதிப்பீடு கேட்கிறேன். ஏப்ரலில் கேட்டதுபோல. ஆறுக்கு நாலு இப்போதும் ஆறுக்கு நாலுதானா?

ஜெயகௌரி

———

ஈஸ்ட் ஹாம்
19 ஒக்டோபர் 2009

ஜெயகௌரி,

இந்தக் கடிதத்தில் என் சுகம் எழுதவில்லை. நீ கதிரையில் இருந்து வாசி. பக்கத்தில் யாரும் இருந்தால் நல்லது. அந்த விரிப்புப் பிடிக்கிற பெண்ணைக் கூப்பிடு.

நீ படித்தது சரி. எஃப் ஒரே எழுத்துத்தான். குதிரை எழும்பாவிட்டால் ஆட்கள் ஓடிவந்து சுற்றிவரப் பச்சைத் திரை பிடிப்பார்கள். டிவிக்காரன் கமெராவைத் திருப்புவான். கடையில் ஒருவரும் அந்தக் குதிரையின் பெயரைச் சொல்லமாட்டோம், அடுத்த ஓட்டத்தைப் பார்ப்போம். லிவர்பூலில் நீ கண்ட குதிரை புல் சாப்பிடவில்லை. இருபது வருடமாய் இதைப் பார்க்கிறேன். உனக்கு எழுதவில்லை.

சவிரிமுத்து என் வீட்டுக்கு வந்தது ஜூன் பன்னிரண்டாம் தேதி. அதனால்தான் உன் இரண்டு கடிதத்துக்கும் பதில் இல்லை. காய்ச்சல் ஒன்றும் இல்லை. தாளை எடுப்பேன், உன் பெயரை எழுதுவேன், வைத்துவிடுவேன். பேசாத அந்தப் போன் நீதான் என்று எனக்குத் தெரிந்தது. பேசினால் சொல்லிவிடுவேன் என்று வைத்தேன்.

அவரிடம் மூன்று தரம் கேட்டேன். மூன்றாம் தரம் பெர்னடெற் என் கையைப் பிடித்தாள். "காணும் அண்ணை, அந்தாளை விடுங்கோ." அவர் கோபிக்கவில்லை. கோப்பையைப் பார்த்துக்கொண்டு திரும்பவும் முதலிலிருந்து சொன்னார். நெஞ்சுக்கு மேலே பட்டதாம். இவர் பக்கத்தில் கிடந்து பெயர் சொல்லிக் கூப்பிட்டிருக்கிறார். தூக்க வந்தவர்களிடம், முதலில் அவனைப் பாருங்கோ என்று சொல்லியிருக்கிறார். அவர்கள் குனிந்து பார்த்தார்கள். பிறகு இவரைத் தூக்கினார்கள். இவர் தன் இடுப்பில் கட்டியிருந்த சாரத்தை அவிழ்த்து அவன் முகத்தில் போட்டுவிட்டு வந்தாராம். கப்பலில் துவாய் கட்டிக்கொண்டு இருந்ததாகச் சொன்னார். அவர் ஸ்ட்ரெதத்தில்தான் இருக்கிறார். உன்னோடு பேச ஆயத்தம். நான்தான் மறித்தேன். நம்பர் இந்தத் தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது.

உனக்கு எழுதியபோது அந்த இடத்தில் பூச்சுப் போட எனக்குக் கை வரவில்லை. நீ அதையே உண்மைக்கு அடையாளமாய் எடுத்துக்கொள்வாய் என்று நான் நினைக்கவில்லை. வாழ்நாள் முழுக்கப் பொய் சொன்னவன், ஒருமுறை சொல்லத் தெரியாமல் சொன்னதைத்தான் நீ நம்பினாய். படிவத்தில் நீ எழுதியதை வாசித்த நாளிலிருந்து பெட்டிங் கடைப் பக்கம் நான் போகவில்லை. இருநூறு படத்தோடு வாசலில் நீ நிற்கப்போகிறாய் என்பதை வாசித்துவிட்டு இனியும் எழுதாமல் இருக்க ஏலாது.

டிக்கெட்டை என்ன செய்வதென்று நீ முடிவெடு. அந்தக் கடற்கரைக்கு விடுவார்களோ தெரியாது. போவதென்றால் நானும் வருகிறேன். வராதே என்றால் வரவில்லை.

பங்கரும் பவளக்கொடியும் அவர் சொன்னபடிதான். கிழவரின் வெற்றிலையும் அப்படித்தான். இன்னும் ஒரு வேலிதான் என்று சொல்லிச் சொல்லித் தள்ளினது உண்மை. இரண்டு பேரும் விழுந்தது உண்மை. சில்லுச் சுற்றினது, ரேடியோ முனகினது, எல்லாம் அவர் வாயால் வந்தது, நான் ஓர் எழுத்தும் கூட்டவில்லை.

எழும்பினான் என்ற சொல் மட்டும் என்னுடையது.

மாமா